உரிமம் ஒன்று, வேகம் பல

கல்லூரி செல்லும் மகனுக்கு மோட்டார் சைக்கிள் வாங்கும் பெற்றோர் விலையையும் மைலேஜையும் கணக்கிடுகிறார்கள்; என்ஜினின் ஆற்றலைக் கணக்கில் கொள்வதில்லை. நமது சட்டமும் அதைக் கேட்பதில்லை. 18 வயது நிறைந்து, கியர் வண்டிக்கான உரிமம் பெற்றவர் 100 சிசி வண்டியையும் ஓட்டலாம்; 650 சிசி வண்டியையும் ஓட்டலாம்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2013 முதல் மூன்று படிகள் உள்ளன. முதலில் 125 சிசி, 11 கிலோவாட் வரை; அடுத்து 35 கிலோவாட் வரை; அதில் ஈராண்டு அனுபவம் பெற்ற பிறகே வரம்பற்ற வண்டி. நேரடியாக அதை ஓட்ட விரும்புவோருக்கு 24 வயதாக வேண்டும்.

காரணம் எளிது. வேகம் இரு மடங்கானால், பிரேக் பிடித்த பின் வண்டி ஓடி நிற்கும் தூரம் நான்கு மடங்காகிறது. இந்தக் கணக்கைப் பாடமாகப் படிப்பது வேறு; கையும் காலும் அறிந்திருப்பது வேறு.

சட்டம் வகுக்காத படிகளைக் குடும்பம் வகுக்கலாம். முதல் ஈராண்டு 100 அல்லது 125 சிசி போதும். மழை, இரவு, நெடுஞ்சாலை மூன்றிலும் பழகிய பின் ஏபிஎஸ் உள்ள 150 முதல் 200 சிசி வண்டி. அதற்கும் மேலானவை பின்னர். முதல் வண்டி பழையதாக இருப்பதே சிக்கனம் என்பது என் கருத்து. புது வண்டியின் மதிப்பு தொடக்க ஆண்டுகளில்தான் வேகமாகக் குறைகிறது.

உரிமத்தையும் இவ்வாறு படிப்படியாக்குவது குறித்து அரசு சிந்திக்க வேண்டும்.