பிரேக்கில் காற்றெடுக்கும் முறைகள்

ஓடுதல் வண்டிக்கு இயல்பு; வேண்டிய இடத்தில் நிற்றல் அதற்குச் சிறப்பு. எனினும், வண்டி வாங்குவோர் அதன் வேகத்தையும் அழகையும் வினவுகின்றனரேயன்றி, அதனை நிறுத்தும் கருவியைப்பற்றி வினவுவார் சிலரே. யாமும் ஒருநாள் கொல்லிமலையில் பாடங் கற்கும்வரை அப்பெரும்பான்மையோருடன் சேர்ந்தே இருந்தோம்.

புதுக்கோட்டையினின்று எமது பழைய காரில் அம்மலைக்குச் சென்று, எழுபது கொண்டையூசி வளைவுகளையுடைய பாதையில் இறங்கி வருங்கால், பாதி வழியில் பிரேக்குப் பெடல் பஞ்சுபோல் மெத்தென்று தாழ்ந்து தரையைத் தொட்டது. முதல் கியரையும் கைப்பிரேக்கையும் கொண்டு ஒருவாறு வண்டியை மலைப்பக்கம் ஒதுக்கி நிறுத்திச் சக்கரங்களுக்குக் கல் வைத்தோம். அரைமணி நேரங் கழித்துப் பார்க்க, பெடல் பழைய நிலைக்கு மீண்டிருந்தது! இஃது என்ன மாயம் என்று ஆராய்ந்ததன் பயனே இக்கட்டுரை.

சிறுவர் விளையாடும் பீச்சாங்குழலில் நீரை நிரப்பி, முனையை விரலால் அடைத்துத் தண்டினை அழுத்துக; அஃது இம்மியும் நகராது. நீரின்றிக் காற்றுமட்டும் நிற்க அழுத்துக. தண்டு பாதிவரை சென்று மீளும். திரவம் சுருங்காது, காற்றுச் சுருங்கும் என்னும் இவ்வுண்மையே பிரேக்கின் உயிர்நிலை. அடைபட்ட திரவத்தில் ஓரிடத்து இட்ட அழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாது பரவும் என்று 17-ஆம் நூற்றாண்டில் பாஸ்கல் என்னும் பிரெஞ்சு அறிஞர் விளக்கினார். அவ்விதியைக் கொண்டு மால்கம் லாகீட் என்னும் அமெரிக்கர் அமைத்த பிரேக்கு, 1921-இல் வெளிவந்த டூசன்பர்க் காரில் நான்கு சக்கரங்களுக்கும் பொருத்தப்பெற்றது. நாம் பெடலை மிதிக்க, மாஸ்டர் சிலிண்டரிலுள்ள பிரேக் ஆயில் குழாய்களின் வழியே சென்று சக்கரந்தோறும் உள்ள பிரேக்கை இறுக்குகின்றது. இடையிற் காற்றுக்குமிழி புகுந்தால், நம் காலின் வலிமை அக்குமிழியைச் சுருக்குவதிலேயே கழிந்துபோம். பேருந்திலும் லாரியிலும் காற்றே பிரேக்கை இயக்குகின்றதே எனின், ஆங்கே யந்திரத்தால் முன்னரே அழுத்திச் சேமித்த காற்று ஏவலாளாய் நிற்கின்றது. காரிலோ அஃது அழையா விருந்தாளி.

பிரேக் ஆயில் பெயரால் ஆயிலேனும் எண்ணெய் அன்று. பெரும்பாலும் கிளைக்கால் வகைத் திரவமாம். அது காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும். டாட் 3 என்னும் வகை, புதிதாயின் 205 டிகிரி செல்சியஸ் வரையேனும் கொதியாது தாங்கவேண்டும் என்பது விதி, நூற்றுக்கு 3.7 பங்கு நீர் சேர்ந்தபின் அதற்கு விதித்த எல்லை 140 டிகிரியே. டாட் 4 வகைக்கு இவ்வெல்லைகள் முறையே 230, 155 ஆகும். மீமிசல், கோட்டைப்பட்டினம் முதலிய நம் கடற்கரையூர்களின் ஈரக்காற்றில் நிற்கும் வண்டிகளை உடையோர் இதனை மறவாதிருத்தல் நன்று. எமது வண்டியில் நெடுநாள் மாற்றாத ஆயில், மலையிறக்கத்துச் சூட்டில் கொதித்து ஆவியாயிற்று. ஆறியதும் ஆவி மீண்டும் திரவமாயிற்று. மாயம் அவ்வளவே. ஆதலின் பழைய ஆயிலை வெளியேற்றிப் புதியது நிரப்புதலும், பணிமனையார் ‘ஏர் எடுத்தல்’ என்று கூறும் தொழிலும் ஒரே செயலின் இரு பயன்களாம்.

இதனை வீட்டில் செய்யும் முறைகள் நான்கு.

முதலாவது, இருவர் கூடிச் செய்வது. சக்கரத்தின் உட்புறத்துள்ள பிளீடர் நிப்பிளில் தெளிவான குழாய் ஒன்றை மாட்டி, மறுமுனையைச் சிறிது ஆயிலுள்ள சீசாவில் அமிழ்த்துக. ஒருவர் பெடலை மெல்ல மிதித்துப் பிடிக்க, மற்றவர் நிப்பிளைத் திறந்து, குமிழி வெளிவந்ததும் மூடிய பின்னரே ‘விடு’ என்று சொல்லவேண்டும். மூடுமுன் காலையெடுத்தால் வெளிப்பட்டதே உள்ளே திரும்பும். பழைய வண்டியில் பெடலைத் தரைவரை மிதித்தலாகாது. சிலிண்டரின் வழங்காத பகுதியிற் படிந்த துரு ரப்பர் வளையத்தைக் கிழித்துவிடும். பெடலின்கீழ் ஒரு மரக்கட்டை வைத்தல் நலம்.

இரண்டாவது, தானே வடியவிடுவது. மேலுள்ள டப்பாவை நிரப்பி நிப்பிளைத் திறந்துவைத்தால், ஆயில் தன் எடையால் இறங்கும். துணையாள் வேண்டா, பொறுமை வேண்டும். குழாயின் மேல்வளைவிலுள்ள குமிழி சிலபோது போகாது தங்கும்.

மூன்றாவது, கைப்பம்பினால் நிப்பிளின்வழி உறிஞ்சுவது. இது விரைவானதே, ஆயினும் நிப்பிளின் மரைவழியே வெளிக்காற்றும் புகுவதால், குமிழி முடிவின்றி வருவதுபோல் தோன்றி மயக்கும்.

நான்காவது, டப்பாவின் வாயில் பொருத்தமான மூடியிட்டு, மேலிருந்து அழுத்தம் தருவது. வயலில் மருந்து தெளிக்கும் ஸ்பிரேயரைப்போன்ற கருவியைச் சிலர் இதற்கென அமைத்துக்கொள்வர். அது மருந்து படாத புதியதாயிருத்தல் வேண்டும். அழுத்தமும் சதுர அங்குலத்திற்கு 15 பவுண்டுக்கு மேற்படாதிருத்தல் நன்று.

எம்முறையாயினும் டப்பாவில் ஆயில் வற்றவிடலாகாது. யாம் முதன்முறை செய்தபோது, மூன்றாம் சக்கரத்தில் முனைந்திருக்கையில் டப்பா வற்றிக் காற்றுப் புகுந்தது. முதலிலிருந்து தொடங்கி, பகற்பொழுது முழுதும் அதிற் கழிந்தது! பொதுவாக மாஸ்டர் சிலிண்டருக்குத் தொலைவிலுள்ள சக்கரத்தில் தொடங்குவது வழக்கம். சில வண்டிகளுக்கு முறைவேறுண்டு, கையேட்டைக் காண்க. வண்டியை ஜாக்கியை மட்டும் நம்பி உயர்த்தி அடியிற் புகுதல் உயிர்க்கே கேடு. உறுதியான தாங்கி வைக்கவேண்டும். ஆயில் வண்டியின் வர்ணத்தை அரிக்குமாதலின், சிந்தினால் உடனே நீர்விட்டுக் கழுவுக. நம் நாட்டில் 2019 ஏப்ரல் முதல் புதுக்கார்கள் யாவற்றிற்கும் ஏ.பி.எஸ். கட்டாயமாயிற்று, அவ்வமைப்பினுள்ளே காற்றுப் புகுந்தால் பணிமனையின் கருவியே துணை.

துணைக்கு ஒருவர் உளராயின் முதல்முறையே சிறந்தது என்பது எம் துணிபு. காலின்கீழ்ப் பெடல் கல்போல் உறுதிப்படுவதை மிதிப்பவர் தாமே உணர்வாரன்றோ? அவ்வுறுதி தோன்றுமுன் வண்டியைத் தெருவிற்கு எடுத்தலாகாது. தோன்றியபின்னும் மனையினுள்ளேயே மெல்ல ஓட்டி நிறுத்திப் பார்த்தல் வேண்டும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை செலவிடும் அரைநாள், மலைவளைவில் எம்மைப்போல் கல்தேடி ஓடும் நிலை நேராமற் காக்கும்.