விமானம் இறங்கும் கோட்டைச் சமன்பாடாக எழுதுவது எப்படி?

லாஸ்பேட்டையில் உள்ள புதுச்சேரி விமான நிலையத்துக்கு ஒரு விமானம் இறங்கி வருகிறது. கடைசிச் சில கிலோமீட்டருக்கு அதன் பாதை ஏறத்தாழ நேர்கோடு. அந்தக் கோட்டை முழுமையாகச் சொல்ல இரண்டே எண்கள் போதும்.

முதலாவது, சாய்வு. பயணிகள் விமானங்கள் வழக்கமாக 3 டிகிரி கோணத்தில் இறங்கும். அதன் டேன்ஜென்ட் மதிப்பு சுமார் 0.052. அதாவது, 1,000 மீட்டர் நெருங்கும்போது உயரம் 52 மீட்டர் குறையும்.

இரண்டாவது, வெட்டுத்துண்டு. தூரம் பூஜ்யமாகும் இடத்தில், அதாவது ஓடுபாதையின் தொடக்க விளிம்பில், விமானம் இருக்கும் உயரம் இது. வழக்கமான அளவு 50 அடி. சுமார் 15 மீட்டர்.

உயரம் = 0.052 × தூரம் + 15

விளிம்புக்கு 3,000 மீட்டர் முன்னால் உயரம் என்ன? 156 + 15 = 171 மீட்டர்.

ஏன் இரண்டு எண்கள்? ஒரே சாய்வில் எண்ணற்ற இணைகோடுகள் வரையலாம். அவற்றில் நம் கோடு எது என்பதை வெட்டுத்துண்டுதான் சொல்கிறது. அது பூஜ்யமானால், சக்கரங்கள் ஓடுபாதையின் விளிம்பிலேயே மோதும். பாடநூலின் ‘ஒய் = எம்எக்ஸ் + சி’யில் எம் சாய்வு, சி வெட்டுத்துண்டு. எம் தனித்து இறங்கும் வேகத்தைத் தீர்மானிப்பதில்லை, பாதையின் சரிவை மட்டுமே தீர்மானிக்கிறது என்பதை மாணவர்கள் மனத்தில் கொள்ள வேண்டும்.