பையும் பம்பும்: ஃபைபர் தொழிலில் இறங்கும் நம் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும்



வட்டியில்லாக் கடன் கேட்டு நமது அறக்கட்டளைக்கு வரும் மனுக்கள் பெரும்பாலும் தையல் மிஷினுக்கும் தள்ளுவண்டிக்கும் ஆட்டோ முன்பணத்துக்கும்தான் இருக்கும். இப்போது ஃபைபர் பட்டறையில் வேலை பழகிய நம் மஹல்லாப் பிள்ளைகள் சிலர், ‘வேக்குவம் பம்ப் வாங்க வேண்டும்’ என்று எழுதித் தருகிறார்கள். அது என்ன வேலை, அதில் பிழைப்பு உண்டா, நெஞ்சுக்குக் கெடுதல் இல்லையா என்று பெற்றோர்கள் கேட்கிறார்கள். இருதரப்புக்கும் பயன்படட்டும் என்று இதை எழுதுகிறோம்.

ஃபைபர் என்பது என்ன?

தொட்டி மூடி, கூரைத் தகடு, மீன்பிடி வள்ளம் என்று நாம் ‘ஃபைபர்’ என்று சொல்லும் எல்லாமே இரண்டு பொருள்களின் கூட்டு. கண்ணாடி இழை பலம் கொடுக்கிறது. ரெசின் என்னும் திரவம் இறுகி, இழைகளைப் பிரியாமல் பிடித்துக்கொள்கிறது. களிமண்ணில் வைக்கோலை மிதித்துச் சுவர் வைத்தவர்களுக்கும் இந்தச் சூட்சுமம் தெரியும். நம் கோச்சடை பென்னர் ஆலை பெயர் வாங்கியது பெல்ட்டினால். ஒரு பெல்ட்டைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் ரப்பருக்குள் நூல் ஓடுவது தெரியும். அதுவும் இந்தக் குடும்பத்துச் சரக்குதான்.

இத்துறையில் நமக்கெல்லாம் பெருமை தேடித் தந்தவர் ராமேஸ்வரத்தில் படகு கட்டியவரின் மகனாகப் பிறந்த டாக்டர் ஏ.பி.ஜே. அப்துல் கலாம். அவர் தலைமையில் உருவாகி 1980 ஜூலை 18 அன்று விண்ணுக்குப் போன எஸ்.எல்.வி.-3 ராக்கெட்டில் இழைக்கூட்டுப் பாகங்கள் இருந்தன. பின்னர் அக்னி ஏவுகணைக்காக உருவான எடை குறைந்த பொருளைக் கொண்டு, ஹைதராபாத் நிஜாம் மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் சிகிச்சை பெற்ற குழந்தைகளுக்கு நடைக் காலிப்பர் செய்து கொடுத்தார்கள். அதுவரை அந்தப் பிள்ளைகள் 3 கிலோவுக்கு மேல் எடையுள்ள உலோகக் காலிப்பரை இழுத்து நடந்தார்கள். புதியதன் எடை சுமார் 300 கிராம். கலாம் அவர்கள் தம் வாழ்வின் பெரிய மகிழ்ச்சிகளில் ஒன்றாக இதைப் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார்கள்.

கை வேலையும் பம்ப் வேலையும்

நம் பிள்ளைகள் பட்டறையில் பழகியது கை வேலை. அச்சில் மெழுகு தடவி, மேட் விரித்து, பிரஷால் ரெசின் பூசி, ரோலரால் காற்றை அழுத்தி எடுப்பார்கள். இதில் முடிந்த பொருளின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் இழை, மீதி ரெசின். பலம் தருவது இழை என்பதால், ரெசின் கூடக் கூட எடை ஏறும், பலம் ஏறாது. உள்ளே தங்கும் காற்றுக் குமிழிகளிலிருந்துதான் பின்னால் விரிசல் தொடங்கும்.

இதற்கு இரண்டு மாற்று வழிகள் உண்டு. முதலாவது, பை அழுத்த முறை. வழக்கம்போல ரெசின் பூசிய பிறகு, ஈரம் காயும் முன்பே அதன்மேல் ஒட்டாத துணியும், மிகுதி ரெசினை உறிஞ்சும் பஞ்சுத் துணியும் போட்டு, பிளாஸ்டிக் பையால் மூடி, ஓரங்களைப் பசை நாடாவால் அடைத்து, உள்ளிருக்கும் காற்றைப் பம்பால் இழுப்பார்கள். இரண்டாவது, ரெசின் பாய்ச்சும் முறை. இதில் இழைகளை உலர்ந்தபடியே அடுக்கிப் பையால் மூடிக் காற்றை எடுத்துவிட்டு, அதன் பிறகுதான் ஒரு குழாய் வழியாக ரெசினை உள்ளே விடுவார்கள்.

அழுத்துவது பம்ப் அல்ல, நம்மைச் சுற்றியுள்ள காற்று. ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 1 கிலோ எடையுடன் காற்று எப்போதும் எதன்மீதும் அழுத்திக்கொண்டே இருக்கிறது. பைக்குள் காற்று இல்லாமல் போனால் ஓர் அடிச் சதுரத்தின் மேல் 900 கிலோவுக்கு மேற்பட்ட எடை ஒரே சீராக உட்கார்ந்துவிடும். எந்த ரோலரும் இப்படி அழுத்தாது. அதனால் எடையில் இழையின் பங்கு நூற்றுக்கு 60, 65 என்று உயர்கிறது. முப்பந்தல் கணவாயில் சுழலும் காற்றாலைகளைப் பார்த்திருப்பீர்கள். அத்தகைய நீண்ட இறகுகளை இன்று பெரும்பாலும் ரெசின் பாய்ச்சும் முறையில்தான் செய்கிறார்கள்.

செயற்கைக் கால் செய்யும் கூடங்களிலும் இதே வேலை நடக்கிறது. காலின் மிச்சப் பகுதிக்கு ஏற்ற மாவுக்கட்டு அச்சின்மேல் பி.வி.ஏ. பை, அதன்மேல் இழைத்துணிகள், மறுபடி ஒரு பை. மேலிருந்து ரெசின் ஊற்ற, கீழிருந்து பம்ப் இழுக்கிறது. சர்க்கரை நோயால் கால் இழந்த பெரியவர்கள் உள்ள வீடுகளுக்கு அந்தக் கிண்ணம் இலேசாகவும் உறுதியாகவும் இருப்பதன் அருமை தெரியும். ஆனால் நோயாளிக்குச் செயற்கைக் கால் பொருத்துவது, அதற்கென்று படித்து இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்தவர்களின் பணி. வேலூர் சி.எம்.சி.யில் இதற்குப் பட்டப்படிப்பு இருக்கிறது. பிளஸ் டூ அறிவியல் படிக்கும் பிள்ளைகள் இதை மனதில் வைக்கலாம்.

முதல் துண்டு

படகு, பைக் பாகம் என்று ஆசைப்படாமல் ஓர் அடிச் சதுரத் தட்டையான துண்டில் தொடங்குவதே முறை. அச்சாகக் கண்ணாடிக் கடையில் இரண்டடிச் சதுரக் கண்ணாடி வாங்கினால் போதும்; அடியிலிருந்து பார்த்தால் ரெசின் ஓடுவதும் குமிழியும் தெரியும்.

1. நான்கு ஓரத்திலும் இரண்டு அங்குலம் விட்டு, நடுவில் மட்டும் மெழுகை மூன்று நான்கு முறை தடவித் தேய்க்கவும். மெழுகு பட்ட இடத்தில் பசை நாடா ஒட்டாது.

2. 300 கிராம் ரகக் கண்ணாடித் துணியில் நான்கு அடுக்கு வைக்கவும். அதன்மேல் உரித்தெடுக்கும் துணி, அதன்மேல் ரெசின் ஓடுவதற்கான வலை. ஒரு பக்கம் ரெசின் வரும் குழாய், எதிர்ப்பக்கம் காற்று போகும் குழாய்.

3. பை அச்சைவிடப் பெரிதாக, மடிப்பு விட்டு இருக்க வேண்டும். இழுத்துக் கட்டினால் மூலைகளில் படியாது.

4. காற்றுக் குழாய்க்கும் பம்புக்கும் நடுவே காற்றுப் புகாத ஒரு பாத்திரம் அவசியம். தப்பி வரும் ரெசின் அதில் விழும். பம்புக்குள் ரெசின் போனால் பம்ப் அன்றோடு சரி.

5. ரெசின் குழாயைக் கிளிப்பால் அடைத்துப் பம்பை ஓடவிடவும். ‘உஸ்’ என்ற சத்தம் கேட்கும் இடத்தில் நாடாவை அழுத்தவும். பிறகு காற்றுக் குழாயையும் அடைத்து, பம்பை நிறுத்தி, பைப் பக்கம் உள்ள அளவுமானியைக் கால் மணி நேரம் பார்க்கவும். முள் நகர்ந்தால் ரெசினைத் தொடவே வேண்டாம். இந்தப் பொறுமைதான் இத்தொழிலில் பாதி.

6. இந்த அளவுக்கு இழையின் எடை சுமார் 110 கிராம். அது குடிக்கும் ரெசின் 60, 70 கிராம். வலையிலும் குழாயிலும் தங்குவதையும் சேர்த்து 200 கிராம் கலந்தால் போதும். தண்ணீர் போல ஓடக்கூடிய, பாய்ச்சும் வேலைக்கென்று விற்கும் ரெசினே வேண்டும். கலவையைத் தராசில் நிறுத்துக் கலக்கவும். கண் மதிப்பு உதவாது.

7. பம்பை மறுபடி ஓட்டிக் காற்றுக் குழாயைத் திறந்த பிறகு ரெசின் குழாயைத் திறக்கவும். ரெசின் கடைசி ஓரம் வரை நனைத்ததும் அதை அடைத்து, இறுகும் வரை காற்றை இழுத்தபடி வைக்கவும். நடுவில் கரண்ட் போனால் காற்றுக் குழாயை உடனே அடைத்துவிட வேண்டும். கசிவில்லாத பை தாக்குப்பிடிக்கும்.

சித்திரை வெயிலில் ரெசின் சீக்கிரம் இறுகிவிடும். பஜ்ருத் தொழுகை முடிந்த குளிர்ச்சியில் இந்த வேலையை வைத்துக்கொள்வது நல்லது.

பம்புக்கு முதலிலேயே பெரும் பணம் போட வேண்டியதில்லை. ஏ.சி. மெக்கானிக்குகள் வைத்திருக்கும் வேக்குவம் பம்பே சிறு வேலைகளுக்குப் போதும். தெரிந்தவரிடம் இரண்டு நாள் வாங்கிப் பழகலாம்.

உயிரோடு விளையாட வேண்டாம்

பாலியஸ்டர் ரெசினிலிருந்து வரும் ஸ்டைரீன் ஆவி தலைவலியும் மயக்கமும் தரும். நெடுநாள் சுவாசித்தால் நரம்பைப் பாதிக்கும். பாய்ச்சும் முறையில் ரெசின் பைக்குள்ளேயே ஓடுவதால் ஆவி வெகுவாகக் குறையும். வருமானத்தைவிட இதையே நாம் பெரிய ஆதாயமாகக் கருதுகிறோம். ஆனாலும் கலக்கும்போது ஆவி வடிகட்டும் முகமூடியும் கையுறையும் கண்ணாடியும் வேண்டும். கைக்குட்டை ஆவியைத் தடுக்காது.

பாலியஸ்டர் ரெசினை இறுகச் செய்யும் கேட்டலிஸ்ட் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம்; உடனே 15 நிமிடமாவது ஓடும் தண்ணீரில் கழுவிக்கொண்டு மருத்துவரிடம் போக வேண்டும். கேட்டலிஸ்டையும் கோபால்ட் ஆக்ஸிலரேட்டரையும் ஒருபோதும் நேராகச் சேர்க்கக் கூடாது; தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். ஒன்றை ரெசினில் முழுதும் கலந்த பிறகே மற்றது. கலந்த ரெசினை வாளியில் மொத்தமாக வைத்தால் தானே சூடேறிப் புகையும். குழந்தைகள் நடமாடும் வீட்டுக்குள்ளும் அடுப்படி அருகிலும் இந்த வேலை கூடாது.

கணக்கு

பை, நாடா, வலை, உரிக்கும் துணி, குழாய் எல்லாம் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப் போடுபவை. தொட்டி மூடி மாதிரி மலிவான பொருளுக்கு இந்தச் செலவு கட்டாது. அதற்குக் கை வேலையே போதும். எடை குறைவும் பலமும் தேவைப்பட்டு, அதற்குக் கூடுதல் விலை தரும் வாடிக்கையாளர் இருந்தால்தான் பம்ப் பிழைப்புத் தரும். முறையாகப் படிக்க விரும்புவோர், பிளாஸ்டிக் தொழிற்கல்விக்கான மத்திய அரசின் சிப்பெட் மையம் மதுரையிலேயே இருப்பதால் அங்கே நேரில் விசாரிக்கலாம்.

ஆகவே இந்த வகைக் கடனுக்கு நாம் மூன்று விஷயங்களைக் கேட்கிறோம்: சொந்தக் கையால் செய்த மூன்று தட்டைத் துண்டுகள், ஒரு வாடிக்கையாளரின் எழுத்து மூலமான ஆர்டர், வீட்டுக்கு வெளியே காற்றோட்டமான ஓர் இடம். இவை பிள்ளைகளைத் தடுப்பதற்காக அல்ல. திருப்பிக் கட்ட முடியாத கடன் ஒரு குடும்பத்தை எப்படி அழுத்தும் என்பதும், அந்தப் பணம் திரும்பி வந்தால்தான் அடுத்த வீட்டுக்குப் போகும் என்பதும் நமக்குத் தெரியும்.

நபி தாவூத் (அலை) அவர்களுக்கு இரும்பை இளக்கிக் கொடுத்த அல்லாஹ், கவசத்தின் வளையங்களை அளவோடு இணைக்கும்படியும் கட்டளையிட்டதைத் திருக்குர்ஆனில் காண்கிறோம். அளவும் நிதானமும் உள்ள கைத்தொழில் ஹலாலான ரிஸ்கின் நல்ல வாசல். நம் பிள்ளைகளின் உழைப்பில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.