காருக்கு பி.பி.எஃப். ஒட்டலாமா? 2 லட்சம் கொடுக்கிறதுக்கு முன்னாடி போட வேண்டிய கணக்கு

பி.பி.எஃப்.னு சொன்னா நம்ம சேனல் பார்க்கிறவங்களுக்கு போஸ்ட் ஆபீஸ் பாஸ்புக்தான் ஞாபகம் வரும். எனக்கும் அப்படித்தான். பரங்கிப்பேட்டைத் தம்பி ஒருத்தர், "அண்ணே, பி.பி.எஃப்.ல 2 லட்சம் போடலாமா?"ன்னு மெசேஜ் பண்ணார். "வருஷத்துக்கு ஒன்றரை லட்சம்தான் லிமிட் தம்பி"ன்னு பதில் அனுப்பிட்டேன். அவர் சிரிச்சுக்கிட்டே ஒரு கோட்டேஷனை அனுப்பினார். அது பெயின்ட் புரொடக்ஷன் ஃபிலிம், அதாவது கார் பெயின்ட் மேல ஒட்டுற நிறமில்லாத பாதுகாப்பு ஃபிலிம்.

தம்பிக்கு வயசு 29, சென்னையில் ஐ.டி. வேலை. சின்ன வயசு ஆசையில் செகண்ட் ஹேண்ட் ஆடி டிடி ஒண்ணு வாங்கியிருக்கார். ஆசைப்பட்டு வாங்கினதைப் பத்தி நான் திட்டப்போறதில்லை. ஆனா அவரோட நிலைமையைப் பாருங்க. கார் லோன் இ.எம்.ஐ., வீட்டுக்கு அனுப்புறது எல்லாம் சேர்த்து மாசச் செலவு 60,000 ரூபாய். அவசரத்துக்குன்னு வச்சிருக்கிற பணம் 2.4 லட்சம். வாப்பா சவூதியில் இருந்து திரும்பி வந்து நாலு வருஷம் ஆச்சு, வீட்டில் சம்பாதிக்கிறது இவர் மட்டும்தான். கோட்டேஷனில் ஃபுல் பாடிக்கு 1,75,000 ரூபாய். கீழே சின்ன எழுத்தில் "ஜி.எஸ்.டி. தனி". 18% சேர்த்தா 2,06,500 ரூபாய்.

அதைக் கொடுத்துட்டா கையில் மிஞ்சுறது 33,500. இருபது நாள் செலவுக்குக்கூட காணாது. அதனால "நல்ல ஃபிலிம் எது?"ங்கிற கேள்விக்கு முன்னாடி, "இந்த ஃபிலிம் எனக்கு எதைக் காப்பாத்தும்?"னு கேட்கணும்.

ஃபிலிம் செய்யற வேலை என்ன?

இந்த ஐடியா வியட்நாம் போர்க் காலத்தில் ஹெலிகாப்டர் விசிறி இறக்கைகளைக் காப்பாத்த ஆரம்பிச்சது. அப்புறம் ரேஸ் கார்களுக்கு வந்து, இப்போ நம்ம தெருவுக்கும் வந்தாச்சு. நல்ல ஃபிலிம் டி.பி.யு. என்கிற பாலியூரித்தேன் வகை. தடிமன் 150 முதல் 200 மைக்ரான் வரை இருக்கும், கிட்டத்தட்ட ரெண்டு ஏ4 தாள் அளவு. கல் வந்து அடிச்சா இந்த ரப்பர் தன்மை அடியை வாங்கிக்கும். மேல் பூச்சில் விழற மெல்லிய கீறல்கள் வெயில் சூட்டிலோ வெந்நீரிலோ தானா மறையும். ஆழமா கிழிச்சா மறையாது.

செராமிக் கோட்டிங் வேற சமாசாரம். அது சில மைக்ரான் பூச்சு. தண்ணி ஒட்டாது, கழுவ சுலபம். கல்லடியை அது தடுக்காது. ரெண்டையும் ஒண்ணுன்னு சொல்லி விற்கிற கடையில் நிக்காதீங்க.

கல் எங்கே அடிக்கும்?

தம்பி ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை சென்னையில் இருந்து ஈ.சி.ஆர்., புதுச்சேரி, கடலூர் வழியா வந்து, பு.முட்லூரில் திரும்பி ஊருக்குப் போவார். வழியெல்லாம் ஜல்லி ஏத்தின டிப்பர் லாரிகள். ஸ்போர்ட்ஸ் காரில் மூக்கு தாழ்வா இருக்கும், முன்னாடி போற வண்டி தெறிக்கிற கல் நேரா அதில்தான் படும். டயரும் அகலம், அதனால் சொந்த டயரே கல்லை வாரி பின் சக்கர வளைவில் அடிக்கும். ஆக, அடி வாங்குற இடங்கள் முன் பம்பர், பானெட், முன் ஃபென்டர்கள், சைடு மிரர், கதவுக்குக் கீழ்ப் பட்டை, பின் சக்கரத்துக்கு முன்பகுதி. கூரையிலும் டிக்கியிலும் கல் விழறது அபூர்வம். ஆனா ஃபுல் பாடி பில்லில் அதுக்கும் காசு கொடுக்கிறோம்.

உப்புக் காத்தை ஃபிலிம் தடுக்குமா?

தம்பியோட பெரிய பயம் இதுதான். வீட்டுக்குப் பக்கத்திலேயே கடல். 1830-களில் இரும்பாலை நடந்த பரங்கிப்பேட்டையில், இன்னைக்கு கேட் கம்பியைக் கேட்டாலே உப்புக் காத்தோட கதையைச் சொல்லும்.

ஆனா நல்லா இருக்கிற பெயின்ட் வழியா உப்பு உள்ளே போகாது. துரு ஆரம்பிக்கிறது பெயின்ட் உடைஞ்ச இடம், தகடு சேருற மடிப்பு, அப்புறம் முக்கியமா காருக்கு அடியில். டிடியோட மூணாவது தலைமுறையில் வெளித் தகடுகள் அலுமினியம், அடிப்பகுதி ஸ்டீல். அதாவது துருப்பிடிக்கிற இடம் ஒண்ணு, ஃபிலிம் ஒட்டுற இடம் இன்னொண்ணு. கல் பட்டு பெயின்ட் உடைஞ்சா அலுமினியமும் வெள்ளையாப் பூத்து பெயின்டைத் தூக்கும். அதைத் தடுக்க முன்பக்க ஃபிலிம் உதவும். அடிப்பகுதிக்கு, ஊருக்குப் போய் வந்ததும் நல்ல தண்ணியில் அடியில் பிரஷர் வாஷ், தேவைன்னா அண்டர்பாடி கோட்டிங். உப்புத் தண்ணி போர்வெல்லில் கழுவி வெயிலில் காய விட்டா, ஃபிலிம் மேலயும் வெள்ளைத் திட்டு படியும்.

ஃபிலிம் தேர்ந்தெடுக்கும்போது கேட்க வேண்டியவை

1. டி.பி.யு.வா, பி.வி.சி.யா? டி.பி.எச். என்ற பெயரில் வர்றது பெரும்பாலும் பி.வி.சி. வகை. விலை பாதிதான், ஆனா நம்ம வெயிலில் சீக்கிரம் மஞ்சளாகி விறைச்சுப்போகும். பில்லில் வகையை எழுதித் தரச் சொல்லுங்க.

2. ரோல் நம்பர். 3எம், எக்ஸ்பெல், லூமர், சன்டெக், நம்ம நாட்டு கார்வேர் எதுவானாலும் வாரன்டி தர்றது கம்பெனி. ரோல் நம்பரும் உங்க வண்டி நம்பரும் சேர்ந்த வாரன்டி கையில் வரணும். இதை நானே கோட்டை விட்டேன். என் முதல் காரில் "இம்போர்ட்டட்"னு சொல்லி ஒட்டின ஃபிலிம் ரெண்டே வருஷத்தில் மஞ்சளாச்சு. கையில் இருந்தது கடையோட கைப்பில் மட்டும்.

3. வாரன்டியில் என்ன இருக்கு? பொதுவா மஞ்சளாகுறது, வெடிக்கிறது, உரியறது இதுக்குத்தான். கல் பட்டுக் கிழிஞ்சா வாரன்டி கிடையாது.

4. எப்படி வெட்டுவாங்க? கம்ப்யூட்டரில் உங்க மாடலுக்கு அளவெடுத்து வெட்டறது ஒரு முறை. கார் மேலயே பிளேடு வச்சு வெட்டறது இன்னொரு முறை. ரெண்டாவதில் கை தவறினா கீறல் உங்க பெயின்டில்.

5. பழைய காரா? முதல்ல பெயின்ட் தடிமன் மீட்டர் வச்சுப் பாருங்க. மறு பெயின்ட் அடிச்ச பேனலில் இருந்து ஃபிலிமை உரிக்கும்போது பெயின்டும் சேர்ந்து வரலாம். ஏற்கெனவே அடிபட்ட இடத்தைச் சரி பண்ணாம ஒட்டினா, பழுது அப்படியே உள்ளே இருக்கும்.

நிறமில்லாத ஃபிலிம் ஒட்ட ஆர்.டி.ஓ. பக்கம் போக வேண்டாம். காரோட கலரையே மாத்துற ஃபிலிம்னா ஆர்.சி.யில் மாத்தணும்.

இப்போ நம்ம சப்ஜெக்ட்: பணம்

கடைக்காரர் "இ.எம்.ஐ. போட்டுக்கலாம் சார்"ன்னார். 2,06,500 ரூபாயை 14% பர்சனல் லோனில் 3 வருஷத்துக்குப் போட்டா மாசம் சுமார் 7,058 ரூபாய். மொத்தம் கட்டறது சுமார் 2.54 லட்சம். வட்டி மட்டும் 47,500 பக்கம்.

முன்பக்கம், மிரர், கீழ்ப் பட்டை, பின் வளைவு மட்டும் ஒட்ட அதே கடையில் 60,000. வரியோட 70,800. வித்தியாசம் 1,35,700 ரூபாய். அந்தப் பணத்தை நம்ம பழைய பி.பி.எஃப்.ல ஒரே தடவை போட்டு, இப்போதைய 7.1% வட்டியே தொடரும்னு வச்சுக்கிட்டா, 15 வருஷத்தில் சுமார் 3.8 லட்சம். ஒரு பி.பி.எஃப். வளரும், இன்னொண்ணு தேயும். ரெண்டும் தப்பில்லை, எது எவ்வளவுங்கிறதுதான் கேள்வி.

"கீறல் விழுந்தா இன்ஷூரன்ஸ் இருக்கே"ன்னு சிலர் கேட்பீங்க. சின்னக் கிளெய்ம் போட்டாலும் நோ கிளெய்ம் போனஸ் போயிடும். உங்க ஓன் டேமேஜ் பிரீமியம் 40,000, போனஸ் 50%னா, அடுத்த வருஷம் 20,000 கூடுதலாக் கட்டணும். 15,000 ரூபாய் பெயின்ட் வேலைக்கு கிளெய்ம் போட்டா நஷ்டம் உங்களுக்குத்தான். ஃபிலிம் ஒட்டினா அதையும் பாலிசியில் சேர்க்கச் சொல்லிக் கேளுங்க. இல்லைன்னா விபத்தில் பம்பருக்குக் காசு வரும், அதுமேல இருந்த ஃபிலிமுக்கு வராது. சம்பளக்காரங்களுக்கு இந்தச் செலவில் வருமான வரிச் சலுகையும் எதுவும் கிடையாது.

தம்பிக்கு நான் சொன்னது

அவசரப் பணத்தில் கை வைக்காதீங்க. மாசம் 18,000 ஒதுக்கி நாலு மாசம் சேர்த்து, முன்பக்கம் மட்டும் ஒட்டுங்க. அதுவரைக்கும் டிப்பர் லாரிக்குப் பின்னாடி ஒட்டிக்கிட்டுப் போகாதீங்க. தள்ளிப் போறதுக்குக் காசு இல்லை.

அவர் முதல்ல முகம் சுளிச்சார். நாலு மாசம் கழிச்சு பில்லை அனுப்பினார். டி.பி.யு., ரோல் நம்பர், வண்டி நம்பர் எல்லாம் அதில் இருந்தது. இடையில் வாப்பாவை ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டி வந்திருக்கு. "அன்னைக்கு அந்தப் பணத்தை எடுத்திருந்தா யார்கிட்டயாவது கடன் கேட்டு நின்னிருப்பேன் அண்ணே"ன்னு எழுதியிருந்தார்.

நீங்களும் கார் வாங்கியிருந்தா, கோட்டேஷனைக் கையில் வச்சுக்கிட்டு மூணு கேள்வி கேளுங்க. என் கார் எங்கே அடி வாங்குது? வரியோட மொத்தம் எவ்வளவு? இதைக் கொடுத்தபிறகு எத்தனை மாசச் செலவுக்குக் கையில் பணம் இருக்கும்? மூணாவது கேள்விக்குப் பதில் மூணு மாசத்துக்குக் கீழே வந்தா, ஃபிலிம் கொஞ்சம் காத்திருக்கட்டும்.