மீன்குஞ்சு விடுமுன் கெளுத்தியையும் விராலையும் பிடியுங்கள்

சென்ற ஆண்டு விவசாயி ஒருவர் என்னைக் காண வந்தார். கிணற்று நீர் பாயும் 20 சென்ட் குட்டை ஒன்று அவருக்கு உண்டு. ஆடி மாதம் அதில் கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகள் 800 விட்டிருந்தார். தவிடும் பிண்ணாக்கும் தவறாமல் போட்டு வந்தார். தை மாதம் வலை இழுத்தபோது கிடைத்தவை அறுபதுக்கும் குறைவு. குஞ்சு விற்றவர் ஏமாற்றிவிட்டார் என்பது அவர் முறையீடு. குட்டையை இறைத்துப் பார்த்தோம். சேற்றுக்குள்ளிருந்து முழங்கை நீள விரால்கள் ஏழும், தேளியும் கெளுத்தியுமாக ஒரு கூடையும் வெளிவந்தன. குஞ்சுகள் போன இடம் அப்போதுதான் தெரிந்தது.

இறைக்க இயலாத குட்டைகளில் இம்மீன்களைத் தூண்டில் போட்டுக் குறைப்பது செலவில்லாத வழி. பிடித்த மீனும் குழம்புக்கு ஆகும்.

வலை ஏன் போதாது?

விராலுக்கும் தேளிக்கும் காற்றை நேரே சுவாசிக்கும் உறுப்பு உண்டு. வலை வரும்போது இவை சேற்றில் புதைந்துகொள்ளும். வலை மேலே போய்விடும். கெளுத்தி கல் இடுக்கிலும் வேர்களிலும் பதுங்கும். எனவே அவை தாமாக இரை தேடி வெளிவரும்போது பிடிப்பதே முறை.

ஏற்ற பருவம்

மார்கழி, தை மாதக் குளிரில் மீன்களுக்குப் பசி மந்தம். மாசியில் வெயில் ஏறத் தொடங்கியதும் இரை தேடித் திரியும். அதே சமயம் நீர்மட்டமும் இறங்குவதால் மீன்கள் பள்ளங்களில் ஒதுங்கும். ஆடியில் குஞ்சு விடுவோர் மாசி, பங்குனியிலேயே இவ்வேலையைத் தொடங்குதல் நலம்.

எந்த மீனுக்கு எந்த இரை?

கெளுத்தியும் தேளியும் கண்ணை நம்பி வாழ்பவை அல்ல. மீசைகளால் தடவி, மணமும் சுவையும் அறிந்து அடித்தரையில் இரை தேடும். ஆகவே மணமுள்ள இரையே தேவை. மண்புழு எப்போதும் கைகொடுக்கும். கோழிக்குடல், இறால் துண்டு, மீன் துண்டு ஆகியவையும் ஏற்றவை. இரை தரையைத் தொடும்படி ஈயக்குண்டு கட்டவேண்டும். நீரில் ஊறி மணம் இழந்த இரையை மாற்றிவிடுங்கள்.

விரால் இதற்கு நேர்மாறானது. அசையும் இரையைக் கண்டு பாயும். அதே குட்டையில் பிடித்த சிறு ஜிலேபிக் கெண்டையை உயிருடன் கோத்து, தக்கை கட்டி, நீரின் மேல்மட்டத்தில் விடவேண்டும். வேறு குளத்து ஜிலேபியைக் கொண்டுவர வேண்டாம். தப்பிப் பிழைத்தால் அது குட்டையெங்கும் பெருகிவிடும். தவளையைக் கோப்பவர்களும் உண்டு. வயலில் பூச்சி தின்று நமக்கு உதவும் தவளையைக் கொல்லாதிருப்பதே நல்லது.

வாளை மீன் இருக்கும் குளமாயின், உயிருள்ள சிறுமீனைச் சற்று ஆழமான நீரில் விடவேண்டும்.

எங்கே போடுவது?

முதலில் தூண்டிலை வைத்துவிட்டு, மாலையில் அரை மணி நேரம் கரையில் அசையாமல் உட்கார்ந்து பாருங்கள். விராலும் தேளியும் காற்றுக்காக மேலே வந்து போகும். வந்த இடத்துக்கு நேரே கரையில் குச்சி நட்டு அடையாளம் செய்யுங்கள். மறுநாள் தூண்டிலுக்கு அவையே இடம்.

விரால் பெரும்பாலும் சம்பு, கோரை, ஆகாயத்தாமரை ஓரங்களில் நிற்கும். கெளுத்தியை மடை ஓரத்திலும், கல் கட்டிய கரையிலும், நீரில் இறங்கிய மரவேர்களிடையிலும் தேடலாம். மண் எடுத்த பழைய பள்ளங்கள் வாளைக்கு உகந்தவை. கோடை மழை பெய்து புதுநீர் உள்ளே வரும் வாய்க்கால் முகத்தில் எல்லா மீனும் கூடும். பொழுது சாய்ந்து இரண்டு மூன்று மணி நேரம் வரை கெளுத்தி நன்றாகக் கடிக்கும். விராலுக்கு அதிகாலையும் மாலையும் ஏற்றவை.

கை கவனம்

கெளுத்திக்கு முதுகில் ஒன்றும் பக்கத் துடுப்புகளில் இரண்டுமாக மூன்று முட்கள் உண்டு. தேளியின் பக்க முள்ளில் நஞ்சும் உண்டு. ஈரச் சாக்கால் பற்றி, இடுக்கியால் தூண்டில் முள்ளைக் கழற்றுங்கள். குத்திவிட்டால், கை பொறுக்கும் சூடுள்ள வெந்நீரில் அந்த இடத்தை அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை அமிழ்த்தி வைத்தால் கடுப்புக் குறையும். பிறகு மருத்துவரிடம் காட்டுவது அவசியம்.

ஆப்பிரிக்கக் கெளுத்தி அகப்பட்டால்

இதை வளர்ப்பதற்கு மத்திய அரசு 1997-ஆம் ஆண்டிலேயே தடை விதித்தது. பல கிலோ எடைக்கு வளர்ந்து, கண்ட மீனையெல்லாம் விழுங்கும் இனம் இது. அகப்பட்டால் உயிருடன் நீரில் விடாதீர்கள். வேறு குளத்துக்கும் கொண்டு போகாதீர்கள். நாட்டுக் கெளுத்தியா, அயல் கெளுத்தியா என்று ஐயம் இருந்தால் மீன்வளத் துறை அலுவலரிடம் காட்டிக் கேளுங்கள்.

மீதி உள்ளவற்றுக்கு

தூண்டில் மட்டும் குட்டையை முற்றிலும் சுத்தம் செய்துவிடாது. இயன்ற வரை நீரைக் குறைத்தபின், எக்டேருக்கு 1 மீட்டர் ஆழ நீர் இருந்தால் 2,500 கிலோ என்ற கணக்கில் இலுப்பைப் பிண்ணாக்கு இடவேண்டும். அதாவது 1 சென்ட்டுக்கு ஏறத்தாழ 10 கிலோ. நீர் அரை மீட்டர் ஆழம்தான் என்றால் இதில் பாதி போதும், செலவும் பாதி. முதல் நாள் இரவு ஊறவைத்து, மறுநாள் குட்டை முழுவதும் பரவலாகத் தெளித்து, வலை இழுத்துக் கலக்குங்கள். மயங்கி மேலே வரும் மீன்களைச் சேகரித்து உண்ணலாம். நஞ்சு நீங்கியபின் பிண்ணாக்கு எருவாகிவிடும்.

மூன்று வாரம் கழித்து, சில குஞ்சுகளை வலைத்தொட்டியில் ஒருநாள் விட்டுப் பாருங்கள். அவை பிழைத்திருந்தால் மற்றவற்றை விடலாம். விரலளவுக்குக் குறையாத, 8 முதல் 10 செ.மீ. நீளமுள்ள குஞ்சுகளையே வாங்குங்கள். நீர் வரும் வழியில் சல்லடை வலை கட்டாவிட்டால் அடுத்த மழையிலேயே விரால் திரும்ப வந்துவிடும்.

ஓர் எச்சரிக்கை

மேற்சொன்னவை யாவும் சொந்தக் குட்டைக்கு மட்டுமே. ஊர் ஏரியிலும் ஆற்றிலும் இலுப்பைப் பிண்ணாக்கு இடுதல் கூடாது. அங்கு கெளுத்தியும் விராலும் களை அல்ல, ஊராரின் செல்வம். புதுவெள்ளத்தில் சினையுடன் எதிரேறும் மீனையும், சிவந்த குஞ்சுக்கூட்டத்தைக் காத்து நிற்கும் தாய் விராலையும் பிடித்தால், அடுத்த ஆண்டு ஏரியில் மீன் இராது. சொந்தக் குட்டையில் பிடிக்கவேண்டிய அதே மீனை, ஊர் ஏரியில் அந்த நாட்களில் விட்டுவைக்கவேண்டும்.