நாசரேத்துப் பிள்ளையும் தர்சு நகரத்துப் பிள்ளையும்



பிள்ளைகள் கிராமத்தில் வளர்வது நல்லதா, நகரத்தில் வளர்வது நல்லதா என்ற பேச்சு நம் பங்குகளில் அடிக்கடி எழுகிறது. பட்டணம் போன பிள்ளை கோவிலை மறந்துவிடும் என்று ஊரில் இருப்பவர்கள் அஞ்சுகிறார்கள். பட்டணத்தில் இருப்பவர்களோ, தங்கள் பிள்ளைக்கு உறவும் தெரியவில்லை, மண்ணும் தெரியவில்லை என்று வருந்துகிறார்கள். 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் 100 பேருக்கு ஏறத்தாழ 48 பேர் நகர்ப்புறத்தில் வாழ்ந்தார்கள். ஆகவே இது ஒரு சிலரின் கவலை அன்று.

ஆண்டவர் இயேசு வளர்ந்த நாசரேத்து ஒரு சிற்றூர். அங்கிருந்து நல்லது ஏதும் வரக்கூடுமோ என்று நத்தனியேல் கேட்கும் அளவுக்குப் பெயரில்லாத ஊர் (யோவா 1:46). ஏறக்குறைய 6 கிலோமீட்டர் தொலைவில், ஏரோது அந்திப்பா புதுப்பித்துக் கட்டிய செப்போரிஸ் நகரம் இருந்தது. நற்செய்தி நூல்களில் அந்த நகரின் பெயரே இல்லை. இயேசுவின் போதனையில் வருபவை விதைப்பவர், வயலில் களை, அத்திமரம், காணாமற்போன ஆடு, குஞ்சுகளைச் சிறகுக்குள் சேர்க்கும் கோழி. எல்லாம் ஊரில் கண்ணால் கண்டவை. வழியோரம் விழுந்த விதை என்னவாகும் என்று நம் கிராமத்துப் பிள்ளைக்கு மறைக்கல்வி ஆசிரியர் விளக்க வேண்டியதில்லை.

புனித பவுல் தர்சு நகரில் பிறந்து எருசலேமில் வளர்ந்தவர். பெயர்பெற்ற நகரின் குடிமகன் என்று தம்மைப் பற்றி அவரே சொல்கிறார் (திப 21:39). அவருடைய திருமுகங்களில் பந்தயத் திடலும் குத்துச்சண்டையும் படைவீரரின் தலைச்சீராவும் கட்டடத்தின் அடித்தளமும் வருகின்றன. ஒலிவ மரத்தைப் பற்றி எழுதும்போது, காட்டுக் கிளையை நாட்டு மரத்தில் ஒட்டவைக்கிறார் (உரோ 11:17-24). தோட்டக்காரர் பொதுவாகச் செய்வது இதற்கு நேர்மாறு. ஆனால் இது இயல்புக்கு மாறானது என்று அவரே எழுதிவிடுவதால், பட்டணத்துக்காரர் என்று நாம் அவரைக் கேலி செய்ய முடியாது!

கிராமத்தின் பெரிய செல்வம், எல்லாருக்கும் எல்லாரையும் தெரிந்திருப்பது. பிள்ளை வழிதவறினால் பொழுது சாயும் முன் வீட்டுக்குச் செய்தி வந்துவிடும். ஒரு வீட்டில் சாவு என்றால் அக்கம்பக்கத்தில் அடுப்பு எரியாது. ஆனால் இதே பழக்கம் சிறையாகவும் மாறும். இவர் தச்சர் அல்லவா, மரியாவின் மகன் அல்லவா என்று சொல்லி இயேசுவை ஏற்க மறுத்தவர்கள் அவரைச் சிறுவயது முதல் அறிந்தவர்களே (மாற் 6:3). மலை உச்சியிலிருந்து அவரைத் தள்ளிவிடவும் பார்த்தார்கள் (லூக் 4:29). பின்பு அவர் குடியேறியது கப்பர்நாகும் ஊரில்.

நம் கிராமங்களிலும் ஒரு பிள்ளை இன்னார் மகன், இன்ன தெரு என்று பிறந்த அன்றே முடிவாகிவிடுகிறது. ஒரே பலிபீடத்தில் நற்கருணை வாங்குகிறவர்களுக்கும் கல்லறைத் தோட்டத்தில் தனித்தனி இடம் வைத்திருக்கும் ஊர்கள் உண்டு. கிராமத்து வாழ்வைப் புகழும்போது இதை மறைப்பது சரியல்ல. தெருப் பெயர் கேட்காத நகரத்துப் பள்ளியில்தான் சில பிள்ளைகள் முதன்முறையாகத் தலைநிமிர்ந்து உட்கார்ந்தார்கள். (வாடகைக்கு வீடு தேடும்போது அதே நகரமும் அந்தக் கேள்வியைக் கேட்கிறது, அது வேறு.)

சீடர்கள் முதன்முதலில் கிறிஸ்தவர்கள் என்று பெயர் பெற்றது அந்தியோக்கியா என்னும் பெருநகரில் (திப 11:26). அங்கே பல இடங்களிலிருந்து வந்தவர்கள் ஒரே சபையாகக் கூடினார்கள். நகரத்துப் பங்குகளில் அன்பியங்கள் செய்ய வேண்டிய வேலையும் இதுவே. அடுக்குமாடி வீட்டில் எதிர்க்கதவு யாருடையது என்றே தெரியாமல் வளரும் பிள்ளைக்கு, நான்கு வீட்டார் கூடிச் செபிக்கும் மாலைதான் ஊர் என்றால் என்ன என்று காட்டும்.

அதைவிட அவசரமானது ஒன்று உண்டு. ஊரிலிருந்து படிப்புக்கும் வேலைக்கும் வரும் இளையோர் ஞாயிறு திருப்பலியில் கடைசி வரிசையில் நின்றுவிட்டு விடுதிக்குத் திரும்புகிறார்கள். ஊரில் பீடச்சிறுவனாக இருந்தவரும் பாடற்குழுவில் பாடியவரும் அவர்களில் உண்டு. இங்கே அவர்கள் பெயரைக் கேட்க யாரும் இல்லை. சில ஆண்டுகள் கழித்துத் திருமண ஓலை வாசிக்க வேண்டிய நேரத்தில்தான், அவர் எந்தப் பங்கைச் சேர்ந்தவர் என்ற கேள்வி முதன்முறையாக எழுகிறது.