பன்றி மூளைக்குள் ஒளிந்திருந்த வலிமருந்து

அபர்டீன் நகரம் இன்னும் கண் விழிக்கவில்லை. ஸ்காட்லாந்துக் குளிரில் இறைச்சிக் கூடத்தை நோக்கி சைக்கிள் மிதிக்கிறாரே, அவர்தான் ஜான் ஹியூஸ். பைக்குள் என்ன தெரியுமா? ரம்பம், கத்தி, உலர் பனிக்கட்டி, அப்புறம் விஸ்கி பாட்டில்கள்! விஸ்கி அங்குள்ள தொழிலாளர்களுக்கு. பதிலுக்கு அவர் கேட்பது பன்றி மூளை.

எதற்கு? கசகசாப் பாலிலிருந்து கிடைக்கும் வலிமருந்தான மார்ஃபின் ஒட்டிக்கொள்ளும் ஏற்பி மூளையில் இருப்பதை 1973-இல் அமெரிக்காவிலும் ஸ்வீடனிலும் காட்டிவிட்டார்கள். கசகசாச் செடியின் பாலுக்காகவா மூளை இடம் ஒதுக்கி வைத்திருக்கும்? உடம்பே தனக்கென்று ஒரு சரக்கு தயாரிக்கிறது என்று நம்பினார் ஹியூஸின் மூத்த சகா ஹான்ஸ் கோஸ்டர்லிட்ஸ். ஹிட்லரின் ஜெர்மனியை விட்டு வந்தவர். எழுபது வயதில் ஓய்வு பெற்ற கையோடு புது ஆய்வுக்கூடம் தொடங்கியவர். எப்பேர்ப்பட்ட மனிதர்!

வாருங்கள், உள்ளே எட்டிப் பார்ப்போம். எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான். கண்ணாடிக் குழாய்க்குள், உப்புக் கரைசலில், சுண்டெலியின் விந்துக்குழாய் நூலில் தொங்குகிறது. மின்சாரம் பட்டதும் சுருங்கும்; அந்தத் துடிப்பைப் பேனாமுனை காகிதத்தில் கோடாக இழுக்கும். மார்ஃபின் விட்டால் துடிப்பு அடங்கும். இப்போது பன்றி மூளைச் சாறு, ஒரு சொட்டு. கோடு சரிகிறது... இன்னும் சரிகிறது... அடங்கியே விட்டது! பொறுங்கள், துடிப்பை அடக்கும் பொருள்கள் வேறு எத்தனையோ உண்டு. அதனால் அடுத்து நலோக்சோன்: மார்ஃபினை ஏற்பியிலிருந்து விரட்டும் மருந்து. துடிப்பு துள்ளிக்கொண்டு திரும்புகிறது. ஆக, சாறு பிடித்திருந்ததும் அந்த வகை ஏற்பியைத்தான்!

சரக்கின் பெயர் என்கெஃபலின். ஐந்தே அமினோ அமிலம் கொண்ட குட்டிப் பெப்டைடு; உடம்பின் நொதிகள் சீக்கிரமே வெட்டிப்போடும். முதலில் நிற்கும் டைரோசின், மார்ஃபினின் ஒரு பகுதியை ஒத்திருக்கும். ஏற்பி இரண்டையும் ஏற்பது அதனால்தான். ஆனால் கடைசி அமிலம் பாடாய்ப் படுத்தியது. லண்டனில் ஹோவர்ட் மோரிஸ் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் பார்த்தபோதுதான் புரிந்தது: ஒன்றல்ல, இரட்டையர்! ஒன்று மெத்தியோனினில் முடிகிறது, மற்றது லியூசினில்.

இனிதான் உச்சம். மோரிஸ் ஓர் ஆய்வுரையைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். எதிரே பீட்டா லிபோட்ரோபின் என்ற பிட்யூட்டரி ஹார்மோனின் அமினோ அமில வரிசை. 61 முதல் 65 வரை படிக்கிறார்: டைரோசின், கிளைசின், கிளைசின், ஃபினைல்அலனின், மெத்தியோனின். அதே ஐந்து! பத்தாண்டுக்கு முன்பே பிரித்தெடுத்த ஹார்மோனின் நடுவில், யார் கண்ணிலும் படாமல்! 1975 டிசம்பரில் 'நேச்சர்' இதழில் இரட்டையரும் இந்தச் செய்தியும் ஒன்றாகவே வெளிவந்தன.